கருப்பா இருந்தா ஸ்ட்ராங்காமே!

"பிளாக்கா? வேணாம் மாப்ள, ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்."

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி யார்கூட உக்காந்தாலும் இந்த வசனம் காதுல விழாம வீடு திரும்பினதே இல்ல. சொல்றவன் சொல்லிட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் குடிச்சாக்கூட பரவாயில்ல. அடுத்த நிமிஷமே 650 மில்லி பாட்டில் ஒண்ணை வரவழைப்பான். அந்தப் பாட்டில் மேலயே 'ஸ்ட்ராங்'னு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கும். ஆனா அது ஸ்ட்ராங் இல்லியாம். ஏன்னா அது மஞ்சளா இருக்காம்!

இன்னிக்கு இதைப் பத்தித்தான் கத்தப் போறேன். குடிக்காதவங்க யாரும் இதைப் படிச்சுட்டு ஆரம்பிச்சுராதீங்க, அந்தப் பாவம் எனக்கு வேணாம். இது ஏற்கனவே குடிக்கறவங்களுக்கு. அதுலயும் 'வெறும் பீர்தானே'ன்னு சொல்லிட்டுக் குடிக்கறவங்களுக்கு.

முதல்ல கலர் சமாச்சாரம். பீரோட கலர், மால்ட்டை எவ்வளவு வறுத்தாங்கங்கறதுல இருந்து வருது. ஆல்கஹால் வர்றது வேற வழி. தானியத்துல இருக்கற மாவுச்சத்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னு தீர்க்கறப்போ வருது. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. நல்ல கன்னங்கரேல்னு இருக்கற ஸ்டவுட்லகூட பெரும்பகுதி வெளிர் மால்ட்தான். கருக வறுத்தது பத்துல ஒரு பங்கு விழுந்தாலே மொத்த அண்டாவும் கருப்பாயிரும். சொல்லப்போனா, அந்தக் கருகின தானியத்துல ஈஸ்ட்டுக்குத் தின்னக் கிடைக்கறதே கம்மி. 1817-ல டேனியல் வீலர்னு ஒரு ஆங்கிலேயர், காப்பிக்கொட்டை வறுக்கற மாதிரியே உருளையில போட்டு மால்ட்டைக் கருக்கற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு நாம பாக்கற கருப்பு பீர் பூராவும் அந்த உருளையோட பேரப்புள்ளைங்க.

காப்பின்னு சொன்னதும் ஞாபகம் வருது. நான் கோவில்பட்டிப் பக்கம். கருப்பட்டிக் காப்பி குடிச்சு வளர்ந்தவன். முதல் டிகாக்ஷன் தார் மாதிரி இறங்கினா எங்க வீட்டுல சந்தோஷப்படுவாங்களே தவிர, 'அய்யய்யோ கருப்பா இருக்கு, மப்பு ஏறிரும்'னு ஒருத்தரும் பயந்து நான் பாத்ததில்ல. கசப்பையும் கருகலையும் காலங்காத்தால வெறும் வயித்துல ரசிக்கற ஆளுங்க நாம. சிக்கரி வேற சேத்துக்குவோம். அதே வாசனை ஒரு கண்ணாடி டம்ளர்ல நுரையோட வந்தா மட்டும் எதுக்கு இந்த நடுக்கம்?

சரி, நான் குடிச்சதுல சிலதைச் சொல்றேன். நிபுணர் விமர்சனம்னு எல்லாம் நினைக்காதீங்க. நாக்கு சொன்னது, அவ்வளவுதான்.

கின்னஸ் டிராஃப்ட். லண்டனுக்கு ஆன்சைட் அனுப்பினப்போ குடிச்சது. ஊத்தினதும் குமிழெல்லாம் மேல ஏறாம கீழ இறங்கற மாதிரி தெரியும், நைட்ரஜன் பண்ற வேலை. மேல வெண்ணெய் மாதிரி நுரை. பாத்தா ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி தெரியும். வாயில வெச்சா மோர் மாதிரி மெலிசு. கடைசியில சுண்டக்காய் வத்தலை எண்ணெயில ஒரு நொடி கூடுதலா விட்டா வருமே ஒரு கருகல், அது நாக்கு ஓரத்துல நிக்கும். ஆல்கஹால் 4.2 சதவீதம். திரும்பப் படிச்சுக்கோங்க, 4.2. இங்க கடையில 'லைட்'னு வாங்கற மஞ்ச பீரே அஞ்சு கிட்ட வரும்.

ஜெர்மன்காரன் பண்ற ஷ்வார்ட்ஸ்பியர்னு ஒண்ணு இருக்கு. பேரே கருப்பு பீர்தான். ஃபிராங்க்ஃபர்ட் போயிட்டு வந்த சிநேகிதன் கோஸ்ட்ரிட்சர் நாலு பாட்டில் கொண்டு வந்தான். 4.8 சதவீதம். கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தா சத்தியமா நீங்க இதைக் கருப்புன்னு சொல்ல மாட்டீங்க. சுத்தமான லாகர், ரொட்டி ஓரம் லேசா தீஞ்ச வாசனை, முடிஞ்சுது. கலரைப் பாத்துப் பயப்படறவனுக்கு முதல் டம்ளர் இதுதான் குடுக்கணும்.

மில்க் ஸ்டவுட்ல பால் கிடையாது, பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரை போடுவாங்க. பீர் ஈஸ்ட்டால அதைத் தின்ன முடியாது, அதனால இனிப்பு அப்படியே தங்கிரும். தங்கமணிக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான். எனக்குக் கொஞ்சம் திகட்டும். சத்தீஸ்கர்ல இருந்து வர சிம்பா ஸ்டவுட், பாட்டில்ல கிடைக்கற நம்ம நாட்டுச் சரக்குல மரியாதையானது. காப்பி ஸ்டவுட் பெங்களூர்ல நிறைய பேர் பண்றாங்க, சிக்மகளூர் கொட்டை நாலு மணி நேரம் தள்ளித்தானே இருக்கு. நல்லாப் பண்ணினா ஆறிப்போன ஃபில்டர் காப்பியோட அடிவண்டல் ருசி, எனக்கு ரொம்பப் பிடிக்கும். மோசமாப் பண்ணினா காப்பி எசன்ஸ் போட்ட பீர். வித்தியாசம் முதல் வாயிலயே தெரிஞ்சுரும்.

கருப்புல ஸ்ட்ராங்கே கிடையாதான்னு கேப்பீங்க. இருக்கு. சிலோன்ல 1881-ல இருந்து நடக்கற கம்பெனியோட லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்ல சாமி, பீர் பத்தியே எழுதிட்டிருந்த ஆங்கிலேயர்) தூக்கி வெச்சுக் கொண்டாடினது. கருப்பட்டிப் பாகு, உலர்ந்த திராட்சை, கடைசியில கொஞ்சம் சாக்லேட். ஆனா அதைக் குடிக்கறவன் தெரிஞ்சு குடிக்கிறான். ஒண்ணு எடுத்து ஒரு மணி நேரம் உருட்டுவான். ரெண்டாவது கேக்க மாட்டான். அது மஞ்சளா இருக்குன்னு ஏமாந்து நாலு பாட்டில் கவுத்தற கதை அங்க நடக்காது.

எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஸ்ட்ராங் பீர் லேபிள்ல ஆல்கஹால் '8 சதவீதத்துக்கு மிகாமல்'னு போட்டிருப்பான். மிகாமல்னா ஆறா, ஏழா, எட்டா? அது அவனுக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். எட்டுன்னே வெச்சுக்குவோம். 650 மில்லியில 52 மில்லி சுத்த ஆல்கஹால். இப்போ விஸ்கிக்கு வாங்க. நம்ம நாட்டு விஸ்கி 42.8 சதவீதம். 30 மில்லி சின்ன பெக்ல ஆல்கஹால் கிட்டத்தட்ட 13 மில்லி. அதாவது ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீரும் நாலு பெக் விஸ்கியும் ஒண்ணு. ஏழு சதவீதம்னு வெச்சாலும் மூணரை பெக். அதே நேரத்துல நம்ம 'பயங்கர' கருப்பு ஸ்டவுட், 4.2 சதவீதத்துல முழு பைன்ட் குடிச்சாக்கூட ரெண்டு பெக்கைத் தாண்டாது.

எங்க டீம்ல சேலத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். தங்கமான பையன், ஆணி புடுங்கறதுல சூரன். விஸ்கி பக்கமே போக மாட்டான். "அண்ணே, எனக்கு ஹாட்டெல்லாம் ஆகாது, பீர் மட்டும்தான்"னு பெருமையாச் சொல்லுவான். ஒரு ரிலீஸ் முடிஞ்ச ராத்திரி ரெண்டு ஸ்ட்ராங் குடிச்சுட்டு, "பீர்தானே"ன்னு பைக்கை எடுத்திருக்கான். சில்க் போர்டு தாண்டறதுக்குள்ள டிவைடர்ல போய் விழுந்தான். கழுத்துப்பட்டை எலும்பு, முழங்கால், முன்பல் மூணு. அவங்கம்மா ஊர்ல இருந்து வந்து அஞ்சு மாசம் இருந்து பாத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்தம்மா என்கிட்ட கேட்டது, "பீர்ல இவ்வளவு போதை இருக்குமாய்யா?" எட்டு பெக் விஸ்கி குடிச்சிருந்தா அவன் வண்டிச் சாவியைத் தொட்டிருக்க மாட்டான். கூட இருந்தவங்களும் விட்டிருக்க மாட்டாங்க. பீர்ங்கற பேரும் அந்த மஞ்சக் கலரும்தான் அவனை வண்டியில ஏத்தி விட்டுது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குத்தம், 2019 திருத்தத்துக்கப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபா அபராதம். இந்தக் கணக்கெல்லாம் எந்தப் பாட்டில் மேலயும் இருக்காது. குடிச்சுட்டு ஓட்டாதேன்னு ஒரு வரி இருக்கும், எறும்பு படிக்கற அளவு எழுத்துல.

நம்மாளுங்க ஏன் இப்படி ஸ்ட்ராங் பின்னாடி ஓடறாங்கன்னு கேட்டா, 'இந்தியனுக்கு ருசி தெரியாது'ன்னு ஒரு கும்பல் சொல்லும். கார்ப்பரேட் மேல்தட்டு ஜல்லி. ருசி தெரியாதவனா பிரியாணிக்குக் கடை கடையா அலையறான்? கடைக்கு வந்து நிக்கறவன் கையில இருக்கற காசுக்குக் கணக்குப் போடறான். லைட்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் விலை வித்தியாசம் சில பத்து ரூபா. உள்ள இருக்கற சரக்கு ஒண்ணரை மடங்கு. அவன் இடத்துல நீங்க இருந்தா எதை எடுப்பீங்க?

அந்த விலையை அப்படி அமைச்சது யாரு? அரசாங்கம். பீருக்கு வரி பெரும்பாலும் லிட்டர் கணக்குல, இல்லேன்னா விலைக் கணக்குல. உள்ள எவ்வளவு ஆல்கஹால்ங்கறதைப் பாத்து நுணுக்கமா வரி போடற பழக்கம் இங்க ரொம்ப நாளா வேர் பிடிக்கவே இல்ல. சில மாநிலத்துல லைட், ஸ்ட்ராங்னு ரெண்டு படி வெச்சிருக்காங்க, அதோட சரி. கர்நாடகாவையே எடுத்துக்கோங்க. கூடுதல் கலால் வரின்னு தயாரிப்பு விலை மேல ஒண்ணு போட்டாங்க. 2023-ல 175 சதவீதத்துல இருந்து 185 ஆச்சு. 2025 ஜனவரியில 195 ஆச்சு. விலை மேல வரின்னா என்ன அர்த்தம்? நல்ல மால்ட், நல்ல ஹாப்ஸ், கூடுதல் நாள் தொட்டியில வெச்சு ஆற விடறதுன்னு செலவு பண்றவன் ஒவ்வொரு ரூபாவுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு ரூபா தண்டம் கட்ட வேண்டி வந்துது. சர்க்கரைப் பாகையும் அரிசி நொய்யையும் போட்டு ஆல்கஹாலை ஏத்தறவனுக்கு அந்தத் தொல்லை கம்மியா இருந்துது. தரத்துக்கு அபராதம், போதைக்குச் சலுகை. இதை ஒரு கொள்கைன்னு வேற சொல்லிக்கறாங்க.

நியாயத்துக்கு ஒண்ணு சொல்லிரணும். அதே 2025 ஜனவரியில அடிப்படை வரியை ரெண்டாப் பிரிச்சாங்க. 5 சதவீதம் வரைக்கும் லிட்டருக்கு 12 ரூபா, 5-ல இருந்து 8 வரைக்கும் 20 ரூபா. கணக்குப் போட்டா ஆல்கஹால் மில்லிக்கு 24, 25 பைசா, ஏறக்குறைய சரிசமம். யாரோ ஒரு அதிகாரி உக்காந்து யோசிச்சிருக்கார், அவர் நல்லா இருக்கட்டும். ஆனா அது அடிப்படை வரி, பொடி. அப்போ மேல உக்காந்திருந்த 195 சதவீதம்தான் மலை.

இதுல லேபிள் கூத்து வேற. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒவ்வொரு லேபிளையும் தனித்தனியாப் பதிவு பண்ணி, கட்டணம் கட்டி, ஒப்புதல் வாங்கணும். பைரா கம்பெனி கதை பத்திரிகையில வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கம்பெனிப் பேர்ல 'பிரைவேட்'ங்கற ஒரு வார்த்தையை எடுத்தாங்க. அதுக்காக எல்லா மாநிலத்துலயும் லேபிளைத் திரும்பப் பதிவு பண்ண வேண்டி வந்து, மாசக்கணக்குல விற்பனை படுத்துருச்சு. 2015-ல ஆரம்பிச்சு அவ்வளவு பெருசா வளர்ந்தவனுக்கே அந்த கதின்னா, மாசம் அம்பது பெட்டி போர்ட்டர் விக்கலாம்னு கனவு காண்றவன் என்ன பண்ணுவான்? அவன் கருப்பைத் தலைமுழுகிட்டு ஒரு மஞ்சளை மட்டும் பதிவு பண்ணுவான். 'மார்க்கெட்ல டிமாண்ட் இல்ல'ன்னு நாம பேசிட்டிருப்போம்.

'இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன், நமக்கெதுக்கு'ன்னு இன்னொரு கோஷ்டி. அண்ணாச்சி, இந்தியாவுக்கு பீர்னு கப்பல்ல வந்து இறங்கினதுல ஒரு பெரிய பங்கு கருப்பு. இந்தியா பேல் ஏல் கதையை எல்லாப் பப்புலயும் சுவத்துல எழுதி வெச்சிருக்கான், வெள்ளைக்காரன் கப்பல் பயணத்தைத் தாங்கறதுக்குக் கண்டுபிடிச்சான்னு. பேல் ஏல் அதிகாரிங்களும் கம்பெனி துரைமாரும் குடிச்சது. சாதாரண சிப்பாய்க்கு பீப்பாய் பீப்பாயாப் போனது போர்ட்டர். நல்ல கருப்பு. இந்த பெங்களூர் கன்டோன்மென்ட் 1809-ல உருவானது. இன்னிக்கு நீங்க மஞ்ச பீரை வெச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கற எம்.ஜி. ரோடு பூராவும் அந்த சிப்பாய்ங்க நடந்த இடம். 1915-ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுல அஞ்சு ப்ரூவரியைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சார். அதுல பழசு 1857-ல தொடங்கின கேஸில். பட்டாளத்துக்கு மாட்டு வண்டியில பீப்பாய் போகும். அந்தக் கம்பெனிதான் பின்னாடி கிங்ஃபிஷர். ஆக, மஞ்சளுக்கு முன்னாடியே கருப்பு இங்க இருக்கு. குளிர்பதனமும் லாகரும் வந்து அதை மூலையில தள்ளிருச்சு. கல்கத்தா, டெல்லிப் பக்கம் கல்யாணி பிளாக் லேபிள்னு ஒண்ணு ஓடுமே, அதுல கருப்பு லேபிள்ல மட்டும்தான், உள்ள அதே மஞ்ச லாகர்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டு விட்டா எப்படி, பப்புக்காரங்களும் இருக்காங்களே. 2008-09 வாக்குல குர்காவ்லயும் புனேயிலயும் சொந்தமா பீர் வடிக்கற கடை வந்துச்சு. பெங்களூர்ல 2011-ல லாவெல் ரோட்டுல பியர் கிளப் தொட்டி வெச்சப்போ நாங்க கும்பலாப் போய் அந்த செப்புத் தொட்டியை வேடிக்கை பாத்தோம். இப்போ தெருவுக்குத் தெரு இருக்கு. போய் மெனுவைப் பாருங்க. கோதுமை பீர், இன்னொரு கோதுமை பீர், மாம்பழம் போட்ட கோதுமை பீர். கடைசி வரியில ஸ்டவுட். கேட்டா "இன்னிக்கு இல்ல சார்". பல இடத்துல மெனுவுல சதவீதமே போட மாட்டான். 'வாழைப்பழ, கிராம்பு நறுமணம்'னு கவிதை எழுதத் தெரியுது (அது அந்த ஈஸ்ட் தானாப் பண்றது, இவன் சாதனை இல்ல), 4.8-ன்னு மூணு எழுத்து எழுதத் தெரியாதா? ஸ்டவுட் இருந்தாலும் டம்ளரை ஃப்ரீசர்ல போட்டு, பனிக்கட்டி ஒட்டிக்கிட்டுத் தருவான். அவ்வளவு குளிர்ல நாக்கு மரத்துப்போயிரும், வறுத்த வாசனையும் வராது, ஒரு மண்ணும் வராது. கருப்பு பீர் பத்து டிகிரி பக்கத்துலதான் வாயைத் திறக்கும். சாதா டம்ளர்ல குடுங்கன்னு கேட்டதுக்கு ஒரு தடவை மேனேஜர் வந்து என்ன குறைன்னு விசாரிச்சுட்டுப் போனார்.

ஊர்ப்பக்கம் நிலைமை இதைவிட எளிமை. 2003 கடைசியில இருந்து தமிழ்நாட்டுல சில்லறை விற்பனையும் அரசாங்கமே. வாங்கறவன் கேக்கறது ரெண்டே கேள்வி. கூலிங் இருக்கா, ஸ்ட்ராங் இருக்கா. என் சித்தப்பா பையன் ஒருத்தன், டாக்டர் கல்லீரலைப் பாத்துட்டு ஹாட்டை விடச் சொன்னதும் ஸ்ட்ராங் பீருக்கு மாறி, ஒரு நாளைக்கு ரெண்டுன்னு வெச்சிருந்தான். குறைச்சுட்டேன்ங்கறான்! எட்டு பெக் கணக்கைச் சொன்னதும் முகம் செத்துப்போச்சு. முதல்ல நம்பல. போன்ல கால்குலேட்டர் போட்டுக் காட்டினேன்.

'அப்போ எல்லாரும் கிராஃப்ட் பீர் குடிக்கணும்ங்கறியா, அரை லிட்டர் நானூறு ரூபா குடுத்து?'ன்னு கேக்காதீங்க. நான் கேக்கறது அது இல்ல. பாட்டில் மேல 'மிகாமல்'ங்கற பித்தலாட்டத்தை எடுத்துட்டு உள்ள இருக்கற சதவீதத்தை ஒரே எண்ணாப் போடு, பெருசாப் போடு. பக்கத்துலயே எத்தனை பெக்குக்குச் சமம்னு போடு. வரியை ஆல்கஹால் மில்லிக்கு இவ்வளவுன்னு போடு, அப்போ 4 சதவீத பீர் தானா மலிவாகும், 8 தானா ஏறும். எந்தக் கலர்ல குடிக்கறதுங்கறதை நாங்க பாத்துக்கறோம்.

எங்க வீட்டுக்கிட்ட இருக்கற பப்புல ஆறு மாசம் நச்சரிச்சு, கரும்பலகையில சதவீதம் எழுத வெச்சோம். போன வாரம் பாத்தது: ஓட்மீல் ஸ்டவுட் 4.6. பக்கத்துலயே புதுசா பெல்ஜியன் ட்ரிப்பல், தங்கக் கலர், 8.0. ஸ்டவுட் மேஜையில நானும் ஒரு கன்னடத்துப் பெரியவரும். ட்ரிப்பல் வாங்க வரிசை நின்னுச்சு. முன்னாடி நின்ன பையன் பின்னாடி இருந்தவன்கிட்ட சொல்லிட்டிருந்தான், "இது லைட்டா இருக்கும்டா, கலரைப் பாரு."